பிபிக்குத் தனி உலை வேண்டாம்

அண்ணே, அந்த மருந்துச் சீட்டை இப்போதைக்குப் பைக்குள் வையுங்கள். மாத்திரை எழுதியது டாக்டர். அதில் எனக்குக் கேட்க ஒரு விஷயம் உண்டு, பிறகு கேட்கிறேன். வேறு வேறு நாளில் அளந்து பார்த்தும் 156/96-க்குக் கீழே இறங்கவில்லை என்றுதானே மாத்திரை தொடங்கினார்கள்? சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். எழுந்து வரும்போது 'உப்பைக் குறைச்சிக்குங்க' என்று ஒரு வரி சொன்னார்களாமே, அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இன்று பேச வேண்டும். அதை உங்களிடம் மட்டும் சொல்லிப் பயனில்லை. உங்கள் வீட்டில் உப்பு டப்பாவைத் திறப்பது அண்ணி. அண்ணி, டீயை எடுத்துக்கொண்டு நீங்களும் வந்து உட்காருங்கள். இன்றைய பேச்சில் பாதிக்கு மேல் உங்களோடுதான்.

பிபி என்று தெரிந்ததும் பெரும்பாலான வீடுகளில் முதலில் ஒரு பத்தியச் சாப்பாடு ஏற்பாடாகும். சாம்பாரில் உப்புப் போடுவதற்கு முன் ஒரு கிண்ணம் தனியே எடுத்து வைப்பார்கள். பொரியலில் ஒரு கரண்டி தனி, ரசத்தில் ஒரு தம்ளர் தனி. முதல் வாரம் எல்லோருக்கும் அக்கறை இருக்கும். அப்புறம் சமைப்பவருக்கு இரட்டை வேலை சலித்துவிடும். சாப்பிடுபவருக்கோ, பக்கத்து இலையில் அப்பளம் நொறுங்கும்போது தன் இலையில் சப்பென்று ஒரு சாம்பார். நோயாளி என்று தட்டில் எழுதி வைத்த மாதிரி மனசு சுருங்கிப்போகும். மூன்றாம் வாரம் 'இன்னிக்கு ஒரு நாள்தானே' என்று ஊறுகாய் ஜாடி பக்கம் கை போகும். ஒரு மாதத்தில் எல்லாம் பழையபடி. அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த ஏற்பாடே நிற்காது.

சமைக்கிற பெண்ணுக்கே பிபி இருந்தால் நிலைமை இன்னும் மோசம். தனக்கென்று எதையும் தனியாக எடுத்து வைக்க அவருக்கு மனசு வராது. எல்லோரும் சாப்பிட்ட பிறகு கடைசியாக உட்காருவார். அதற்குள் பொரியலும் கூட்டும் தீர்ந்திருக்கும். மிச்ச சோற்றில் கொஞ்சம் மோரை ஊற்றி, உப்பைப் போட்டுப் பிசைந்து, ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு முடித்துவிடுவார். காய் இருக்க வேண்டிய இடத்தில் ஊறுகாய் வந்துவிடுகிறது. பிபி உள்ள ஒருவருக்கு இதைவிடக் கெடுதலான மாற்று இல்லை. யாரும் அதைக் கவனிப்பதும் இல்லை.

அதனால்தான் சொல்கிறேன், தனி உலை வேண்டாம். வீட்டு உலையே மாறட்டும். எல்லோருக்கும் ஒரே சாம்பார், ஒரே ரசம், அதில் கொஞ்சம் கொஞ்சமாக உப்பு குறையட்டும். பிபி இல்லாதவர்களுக்கும் அதனால் நன்மைதான். உங்கள் பையனுக்கு இப்போது முப்பது தாண்டியிருக்கும் இல்லையா? அப்பாவுக்கு இருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு அதிகம். அவனுக்கு வராமல் தள்ளிப்போட வேண்டிய காலம் இதுதான்.

உப்புக்கும் பிபிக்கும் என்ன தொடர்பு என்று கேட்டீர்கள். வடுமாங்காய் போடும்போது பார்த்திருப்பீர்கள் அண்ணி. தண்ணீரே ஊற்றாமல் உப்பைத் தூவிக் குலுக்கி வைத்தால், மறுநாள் ஜாடிக்குள் தண்ணீர் நிற்கும். உப்பு இருக்கும் பக்கம் தண்ணீர் வந்து சேரும். உடம்புக்குள்ளும் அந்தக் குணம் மாறுவதில்லை. ரத்தத்தில் சோடியம் கூடினால் அதோடு தண்ணீரும் தங்கும், ஓடுகிற ரத்தத்தின் அளவு கூடும், குழாயின் சுவரில் விழும் அழுத்தம் கூடும். வேண்டாத சோடியத்தைச் சிறுநீரில் தள்ளிவிடுவது சிறுநீரகத்தின் வேலை. சிலருக்கு அது சுறுசுறுப்பாக நடக்கும், சிலருக்கு மெதுவாக. வயது ஏற ஏற மெதுவாகிறவர்கள் அதிகம். வருஷக் கணக்கில் இப்படியே போனால் ரத்தக்குழாயே விறைத்துப்போகிறது. அந்த நிலையில் அழுத்தம் தானாக இறங்காது. இத்தனை நடந்தும் வெளியே ஒன்றும் தெரியாது என்பதுதான் இதில் கொடுமை. 'எனக்குத் தலை சுத்தலே இல்லையே, எப்படி பிபி இருக்கும்' என்றீர்களே, பெரும்பாலானவர்களுக்கு எந்த அறிகுறியும் இருக்காது. பக்கவாதமோ மாரடைப்போ வந்த பிறகுதான் பலருக்குத் தெரிகிறது.

'வயசானா எல்லாருக்கும் வர்றதுதானே' என்று ஒரு பேச்சும் உண்டு. நம்மைச் சுற்றிப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் 32 நாடுகளில் 10,000-க்கும் மேற்பட்டவர்களை அளந்த இன்டர்சால்ட் என்ற பெரிய ஆய்வின் முடிவுகள் 1988-ல் வெளியாகின. அதில் பிரேசில் காட்டில் வாழும் யானோமாமி மக்களும் இருந்தார்கள். அவர்கள் சமையலில் உப்பே கிடையாது. அவர்களுடைய பிபியின் சராசரி மேல் அளவு 100-க்கும் கீழே. வயதானவர்களுக்கும் அது ஏறவில்லை. அவர்களுடைய வாழ்க்கை எல்லா விதத்திலும் வேறு, எல்லாவற்றையும் உப்பின் தலையில் போட முடியாது. நாமும் உப்பே இல்லாமல் சாப்பிடப் போவதில்லை. ஆனாலும் நரையைப்போல பிபி கட்டாயம் வந்தே தீரும் என்று நினைக்க வேண்டியதில்லை.

சரி, எவ்வளவு உப்பு போதும்? ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக என்கிறது உலக சுகாதார நிறுவனம். தலை தட்டிய ஒரு டீஸ்பூன். காலை முதல் இரவு வரை, சமையல், ஊறுகாய், பலகாரம் எல்லாம் சேர்த்து அவ்வளவுதான். சென்னை நகர மக்களிடம் எடுத்த ஓர் ஆய்வு 2007-ல் வெளிவந்தது. அதில் சராசரி 8.5 கிராம். நம் வீட்டுக் கணக்கைத் தெரிந்துகொள்ள ஆய்வகம் தேவையில்லை. ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும் அன்று அதன் மேலேயே தேதியை எழுதி வையுங்கள். நாலு பேர் உள்ள வீட்டில் அது 30 நாளில் தீர்ந்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 8 கிராமுக்கு மேல் போகிறது என்று அர்த்தம். 50 நாள் வந்தால் சரியாக 5 கிராம். ஊறுகாய், அப்பளம், கடைப் பண்டம் ஆகியவற்றில் வரும் உப்பு இந்தப் பாக்கெட்டில் இல்லை என்பதால் இரண்டு மாதம் தாண்டி வர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீன் கழுவுவது, ஊறுகாய் போடுவது போன்றவற்றுக்கு வேறு பாக்கெட் வைத்துக்கொண்டால் கணக்கு குழம்பாது. நாக்கில் வைத்துப் பார்த்து 'நான் கம்மியாத்தான் போடுறேன்' என்று சொல்வதைவிட இந்தத் தேதி நம்பகமானது.

இதில் நமக்கு ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. அமெரிக்கா, இங்கிலாந்து போன்ற நாடுகளில் உப்பின் பெரும்பகுதி ரொட்டி, பதப்படுத்திய இறைச்சி, டப்பா உணவு வழியாக வருகிறது. கம்பெனிக்காரன் மனசு வைத்தால்தான் குறையும். நம் ஊரில் பெரும்பகுதி இன்னும் வீட்டு அடுப்பில்தான் விழுகிறது. குறைக்கிற அதிகாரம் உங்கள் கையில் இருக்கிறது அண்ணி.

எங்கெல்லாம் விழுகிறது என்று ஒரு நாளை ஓட்டிப் பார்ப்போம். காலையில் இட்லி. மாவு கரைக்கும்போதே உப்பு. அதற்குச் சட்னி, அதில் உப்பு. சாம்பார், அதில் உப்பு. பொடி, அதிலும் உப்பு. மத்தியானம் சில வீடுகளில் சோறு வடிக்கும்போதே உப்புப் போடுகிறார்கள். அதன் மேல் குழம்பு, ரசம், பொரியல், கூட்டு என்று ஒவ்வொன்றிலும் தனித்தனியாக உப்பு. கடைசியில் மோருக்கு ஒரு சிட்டிகை, தொட்டுக்கொள்ள ஊறுகாய், கடித்துக்கொள்ள அப்பளமோ மோர்மிளகாயோ. சாயங்காலம் டீயோடு மிக்சரோ பஜ்ஜியோ. ராத்திரி மறுபடி தோசை, அல்லது உப்புப் போட்டுப் பிசைந்த சப்பாத்தி மாவு. ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம்தான். யாரும் அள்ளிக் கொட்டுவதில்லை. ஆனால் நம் சாப்பாட்டில் ஐட்டங்கள் அதிகம், எல்லாவற்றுக்கும் தனித்தனியாக 'உப்பு சரியா இருக்கா' என்று பார்க்கிறோம். சேர்த்துச் சாப்பிடுவதை யாரும் சேர்த்துக் கணக்கிடுவதில்லை.

இதில் உப்பே தேவைப்படாத இடங்கள் சில இருக்கின்றன. முதலில் அவற்றில் கை வைக்கலாம். சோற்றில் உப்பு வேண்டாம், அதன் மேல் ஊற்றும் குழம்பில் இருக்கிறது. சப்பாத்தி மாவில் வேண்டாம், தொட்டுக்கொள்ளும் குருமாவில் இருக்கிறது. மோருக்கு உப்புக்குப் பதில் இஞ்சி, கறிவேப்பிலை, கொத்தமல்லி, பச்சைமிளகாய் தட்டிப் போட்டால் உப்பு இல்லாததே தெரியாது. வெள்ளரி, மாங்காய், கொய்யாத் துண்டின் மேல் மிளகாய்ப் பொடியோடு தூவும் உப்பை விட்டுவிடலாம். சாப்பாட்டு மேஜையில் இருக்கும் உப்புக் கிண்ணம் இன்றே அடுக்களைக்குள் போகட்டும். இவை எல்லாம் ஒரே நாளில் செய்யக்கூடியவை, யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள்.

குழம்பு, ரசம், பொரியலில் அவசரப்படாதீர்கள். கை அளவை விட்டுவிட்டு ஒரு ஸ்பூனை உப்பு டப்பாவுக்குள்ளேயே போட்டு வையுங்கள். இப்போது எத்தனை ஸ்பூன் போடுகிறீர்கள் என்று ஒரு வாரம் சும்மா கவனியுங்கள். பிறகு நாலில் ஒரு பங்கைக் குறையுங்கள். சில வாரம் அதிலேயே நில்லுங்கள். நாக்கு பழகியதும் இன்னும் கொஞ்சம். நாக்கு பழகுமா என்ற சந்தேகம் வரும். பழகும். உப்பைக் குறைத்துச் சாப்பிட்டவர்களுக்கு இரண்டு மூன்று மாதத்தில் பிடித்தமான உப்பின் அளவே இறங்கிவிடுகிறது என்று அமெரிக்க ஆய்வாளர்கள் 1982-லேயே எழுதியிருக்கிறார்கள். அப்போது பழைய உப்புக்குத் திரும்பினால் 'கரிக்குது' என்று நீங்களே சொல்வீர்கள். முதல் மூன்று வாரம்தான் கஷ்டம். அந்த மூன்று வாரத்தைத் தாண்ட முடியாமல்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

அந்த நாட்களைக் கடக்க நம் சமையலில் துணை நிறைய இருக்கிறது. புளிப்பு ஒரு பெரிய துணை. எலுமிச்சை பிழிந்த பொரியல், தக்காளி கூடுதலாகப் போட்ட ரசம், மாங்காய் போட்ட பருப்பு, இவற்றில் உப்பு குறைவது சட்டென்று தெரியாது. மிளகு, சீரகம், பூண்டு, வறுத்த தனியா, பெருங்காயம், கடைசியில் கிள்ளிப் போடும் கொத்தமல்லி எல்லாம் கை கொடுக்கும். தேங்காயை அளவாகத் துருவிப் போடலாம். ரசத்தில் இருந்து தொடங்குங்கள் என்பேன். புளிப்பும் மிளகும் பூண்டும் ஏற்கெனவே தூக்கலாக இருக்கும் பண்டம் அது, உப்பு குறைவதை நன்றாகத் தாங்கும். பொரியலுக்கு உப்பைக் கடைசியில் தூவினால் காயின் மேலேயே நிற்கும், நாக்குக்கு முதலில் அதுதான் படும், குறைவாகப் போட்டாலும் நிறைவாக இருக்கும். பருப்புக் கூட்டு, அவியல் போன்றவை காயின் இனிப்பிலேயே ருசிப்பவை. வெண்பொங்கலும் உப்புமாவும்தான் கடினம், அவற்றை அடிக்கடி செய்யாமல் இருப்பது சுலபம்.

ஊறுகாய் விஷயத்துக்கு வருவோம், அண்ணன் முகம் அதற்குத்தான் காத்திருக்கிறது. ஊறுகாய் கெடாமல் இருப்பதே உப்பால்தான், அதனால் உப்புக் குறைந்த பழைய ஊறுகாய் என்று ஒன்று இருக்க முடியாது. இந்த வருஷம் போட்டதைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. தினமும் மூன்று வேளை என்பது வாரத்தில் ஒரு நாள், அதுவும் ஒரு சின்னத் துண்டு என்று ஆகட்டும். மற்ற நாளில் அன்றைக்கே நறுக்கி எலுமிச்சை பிழிந்த மாங்காய்ப் பச்சடி, நெல்லிக்காய்த் துவையல், புதினாத் துவையல் தொட்டுக்கொள்ளுங்கள். கருவாடும் அப்படித்தான். ஊறவைத்துக் கழுவினால் உப்பு ஓரளவு போகும், முழுக்கப் போகாது. கருவாட்டுக் குழம்பு வைக்கிற அன்று குழம்பில் தனியாக உப்புப் போட வேண்டாம், கத்தரிக்காயையும் மொச்சையையும் கூட்டிக்கொண்டு கருவாட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள். அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் இருக்கிறது. அதுவும் சோடியம்தான். பஜ்ஜி, போண்டாவில் போடும் ஆப்பசோடாவும் சோடியம். வயிறு உப்புசம் என்று தண்ணீரில் கரைத்துக் குடிக்கிறோமே, அந்தப் பொங்கும் பொடியும் சோடியம். நாக்குக்கு உப்புக் கரிக்கவில்லை என்பதால் அவை கணக்கில் வராமல் தப்பிவிடுகின்றன.

கடைப் பாக்கெட்டுகளின் பின்பக்கத்தில் சோடியம் எத்தனை மில்லிகிராம் என்று அச்சிட்டிருப்பார்கள். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. 100 கிராமில் 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. உங்கள் பேத்திக்கு இந்தப் பெருக்கலைச் சொல்லிக்கொடுங்கள். நூடுல்ஸ், சிப்ஸ், சாஸ், பிரெட் எல்லாவற்றையும் அவளே பார்த்துச் சொல்லட்டும்.

பேத்தியை இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது. வடக்குச் சீனாவில் சாங்ஜி என்ற ஊரில் 28 தொடக்கப் பள்ளிகளைச் சேர்த்து ஓர் ஆய்வு நடத்தினார்கள், முடிவு 2015-ல் வந்தது. அங்கும் நம்மைப்போல உப்பு வீட்டுச் சமையலில்தான் விழுகிறது. பாதிப் பள்ளிகளில் குழந்தைகளுக்கு உப்பைப் பற்றிப் பாடம் நடத்தி, வீட்டில் சமைப்பவரிடம் போய்ச் சொல்லுங்கள் என்று அனுப்பினார்கள். ஒரு பள்ளிப் பருவம் முடியும்போது, பாடம் நடக்காத பள்ளிக் குழந்தைகளின் வீடுகளோடு ஒப்பிட்டால், இந்த வீடுகளில் பெரியவர்கள் சாப்பிட்ட உப்பு நாளைக்கு சுமார் 2.9 கிராம் குறைந்திருந்தது. மேல் அளவு 2.3 புள்ளி இறங்கியிருந்தது. மாத்திரை புதிதாக ஒன்றும் தரவில்லை. பெரியவர்கள் தட்டுக்குத் தனி ஏற்பாடும் செய்யவில்லை. பொதுச் சட்டியில் விழும் உப்பு குறைந்தது, அவ்வளவுதான். டாக்டர் ஒரு வரியில் சொன்னால் மறந்துவிடுகிற தாத்தா, பேத்தி முறைத்துப் பார்த்தால் ஊறுகாய் ஜாடியை மூடிவிடுகிறார்.

அடுத்து எந்த உப்பு என்ற கேள்வி. 'இந்துப்பு போட்டா பிபி ஏறாது' என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாம். நம்பாதீர்கள். இளஞ்சிவப்பாக, விலை கூடுதலாக இருக்கிறதே தவிர, அதிலும் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான். பெரும்பாலும் அயோடினும் சேர்த்திருக்க மாட்டார்கள். கல் உப்பும் அப்படியே. நல்லது என்ற நம்பிக்கையில் தாராளமாகப் போடுவதால் கெடுதல் கூடத்தான் செய்யும். அயோடின் கலந்த சாதாரண உப்பையே குறைவாகப் போடுங்கள், அது போதும்.

சோடியத்தைக் குறைத்து அந்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடு சேர்த்த உப்பு என்று ஒன்று கடைகளில் வருகிறது. அது வேறு விஷயம், அதற்கு உண்மையிலேயே பலன் உண்டு. சீனாவின் 600 கிராமங்களில் ஏறக்குறைய 21,000 பேரை வைத்து ஐந்து வருஷம் பார்த்தார்கள். ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்கள், அல்லது அறுபது வயதைத் தொட்டு பிபியும் கட்டுக்குள் இல்லாதவர்கள். நாலில் ஒரு பங்கு பொட்டாசியம் கலந்த உப்பைப் போட்டுச் சமைத்த கிராமங்களில் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது என்று 2021-ல் முடிவு வந்தது. உலக சுகாதார நிறுவனமும் 2025-ல் இந்த வகை உப்பைப் பரிந்துரைத்திருக்கிறது. ஆனால் எல்லோருக்கும் இல்லை. கர்ப்பிணிகள், குழந்தைகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் ஆகியோரை அது விலக்கியிருக்கிறது.

இப்போது அந்த மருந்துச் சீட்டை எடுங்கள் அண்ணே. நான் கேட்க நினைத்தது இதுதான். அம்லோடிபினோடு டெல்மிசார்டன் என்று இன்னொன்றும் இருக்கிறது பாருங்கள். டெல்மிசார்டன், லோசார்டன், எனலாப்ரில், ராமிப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மருந்துகள் உடம்பில் பொட்டாசியத்தைத் தங்கவைக்கும். நல்ல மருந்துகள்தான், பலருக்கும் தருகிறார்கள். ஆனால் சிறுநீரகம் தளர்ந்திருக்கும் ஒருவர் இவற்றோடு பொட்டாசிய உப்பையும் சேர்த்துக்கொண்டால், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தடுமாறக்கூடும். உயிருக்கு ஆபத்தான விஷயம். ஆகவே விளம்பரத்தைப் பார்த்து அந்த உப்பை வாங்காதீர்கள், உங்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். தினமும் இளநீர் குடிக்கலாமா என்ற கேள்விக்கும் பதில் அவரிடம்தான். இளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் நன்றாக இருந்தால் நல்லது, இல்லையென்றால் வேண்டாம். சர்க்கரையும் உள்ளவர்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும், சிறுநீரகம் அவர்களுக்குத்தான் சத்தமில்லாமல் தளரும்.

குறைப்பதையே பேசிக்கொண்டிருந்தால் சாப்பாட்டின் மேல் வெறுப்பு வந்துவிடும். கூட்ட வேண்டியதும் நிறைய இருக்கிறது. அமெரிக்காவில் 459 பேருக்குச் சமைத்துக் கொடுத்தே ஓர் ஆய்வு செய்தார்கள், 1997-ல் வெளிவந்தது, டாஷ் உணவுமுறை என்று அதைச் சொல்வார்கள். உப்பை மாற்றவில்லை, எடையையும் குறைக்கவிடவில்லை. காய், பழம், கொழுப்புக் குறைந்த பால், தயிர் இவற்றைக் கூட்டி, கொழுப்பைக் குறைத்தார்கள். பிபி உள்ளவர்களுக்கு மேல் அளவு 11 புள்ளி போல இறங்கியது. ஒரு மாத்திரை செய்யும் வேலைக்கு அது ஏறக்குறைய சமம். பிறகு 2001-ல் அதோடு உப்பையும் படிப்படியாகக் குறைத்துப் பார்த்தார்கள், பலன் இன்னும் கூடியது. இரண்டையும் சேர்த்துச் செய்ய வேண்டும் என்று நான் சொல்வதற்கு அதுதான் ஆதாரம்.

நமக்கு அந்த அமெரிக்கப் பட்டியல் வேண்டாம். முருங்கைக்கீரை, அரைக்கீரை, சிறுகீரை, வாழைத்தண்டு, வாழைப்பூ, பூசணி, புடலை, அவரை, கொத்தவரை, பாசிப்பயறு, துவரம்பருப்பு, கொண்டைக்கடலை, கொய்யா, வாழைப்பழம், மோர் எல்லாமே அந்த வேலையைச் செய்யும். இவற்றில் உள்ள பொட்டாசியம், சோடியத்தைச் சிறுநீரில் வெளியேற்ற உதவுகிறது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் எந்தக் காய் எவ்வளவு என்று டாக்டர் சொல்வதுதான் கணக்கு. மற்றவர்களுக்கு நாளைக்கு 400 கிராம் காயும் பழமும் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. நம் சிக்கல் காய் சமைக்காதது இல்லை, பரிமாறும் அளவுதான். சோறு மலைபோல, பொரியல் ஓரத்தில் ஒரு ஸ்பூன். சாப்பாட்டுக்குக் காயைத் 'தொட்டுக்கொள்ள' என்று சொல்வதை விட்டுவிட்டு, தட்டில் பாதி காய்க்கு இடம் ஒதுக்குங்கள். ஒரு கரண்டி சோறு குறையட்டும், ஒரு கரண்டி கீரை கூடட்டும். சோற்றைக் குறைத்தால் குழம்பும் குறையும், குழம்போடு உப்பும் குறையும். சாயங்காலம் மிக்சருக்குப் பதில் சுண்டல், அதிலும் உப்பு ஒரு சிட்டிகை போதும், மாங்காயும் தேங்காயும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். அண்ணி, கீரைக் கூட்டில் உங்கள் பங்கை முதலிலேயே ஒரு கிண்ணத்தில் எடுத்து வையுங்கள். தனிச் சமையல் வேண்டாம் என்றேனே தவிர, தனிப் பங்கு வேண்டாம் என்று சொல்லவில்லை.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எடை கூடுதலாக இருந்தால் ஒரு கிலோ குறைவதற்கு ஏறக்குறைய ஒரு புள்ளி பிபி இறங்கும். மது பிபியை ஏற்றும். புகையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், இதயத்துக்கும் மூளைக்கும் அதுவே தனி ஆபத்து. பூண்டு, வெந்தயம் எல்லாம் சாப்பாட்டில் நன்றாகச் சேருங்கள், மாத்திரைக்குப் பதிலாக என்று நினைக்காதீர்கள். இந்த டீயைக் குடிக்கலாம், நாளைக்கு இரண்டு வேளை போதும், சர்க்கரையைக் குறைத்துக்கொள்ளுங்கள். வயிற்றுப்போக்கு, கடும் வாந்தி, வெயிலில் வேலை செய்து மயக்கம் போன்ற சமயங்களில் உப்பும் நீரும் உடம்பை விட்டுப் போயிருக்கும். அப்போது இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது, உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

உப்பைக் குறைத்து ஒன்றிரண்டு மாதத்தில் அளவு இறங்கும்போது ஒரு ஆசை வரும், மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாமே என்று. அந்த ஆசைக்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள் அண்ணே. அளவு இறங்கியிருப்பதில் மாத்திரையின் பங்கும் இருக்கிறது. நீங்களாக நிறுத்தினால் சத்தமில்லாமல் திரும்ப ஏறும். குறைக்க வேண்டுமானால் டாக்டர் குறைப்பார், அதற்கு அவருக்கு உங்கள் அளவுகள் வேண்டும். ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வாருங்கள். அளப்பதற்கு முன் அரை மணி நேரம் டீ, காபி வேண்டாம். சாய்ந்து உட்கார்ந்து, காலைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிஷம் பேசாமல் இருங்கள். கை நெஞ்சு உயரத்தில் மேஜை மேல் இருக்கட்டும். படி ஏறி மூச்சு வாங்கும்போது எடுத்த அளவை எழுத வேண்டாம்.

அடுத்த மாதம் போகும்போது நோட்டையும் உப்புப் பாக்கெட்டில் எழுதிய தேதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். கிரியாட்டினின், பொட்டாசியம் இரண்டும் ரத்தத்தில் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள், அதைப் பார்த்துத்தான் பொட்டாசிய உப்பைப் பற்றி அவர் சொல்ல முடியும். தனியாகப் போகாதீர்கள், அண்ணியையும் கூட்டிக்கொண்டு போங்கள். சாப்பாட்டைப் பற்றி டாக்டர் சொல்வதைச் சமைப்பவர் நேரில் கேட்பதுதான் முறை. போன இடத்திலேயே அண்ணிக்கும் ஒரு தடவை அளந்துவிடச் சொல்லுங்கள். அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாக வருகிறவர்கள் உங்கள் தெருவுக்கும் வருகிறார்கள் என்றால் அவர்களிடமே கையை நீட்டலாம், காசு கிடையாது. இத்தனை வருஷமாக எல்லோருக்கும் பரிமாறிவிட்டு ஊறுகாயோடு முடித்துக்கொண்டது அண்ணிதான்.